குடுவையின் வாயைத் துடைக்கிறவருக்கு

மார்ச் 2

அன்புள்ள ஓட்டுநர் அம்மையாருக்கு,

நான் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதினால், "கூட இருந்தப்ப இல்லாத ஆவல்" என்று நீ முணுமுணுப்பாய். இருந்தாலும் எழுதிவிட்டேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே குரல் ஏறுகிறது, எதுவானாலும் எழுதுங்கள் என்று கட்டளை போட்டவள் நீதான். எழுத்தில் குரல் ஏறாது என்று நம்புகிறேன்.

வீடு நன்றாக இருக்கிறது. உன் அலமாரியைத் திறக்கவில்லை. வெளிப்புறத்தை மட்டும் துடைத்தேன்.

தோட்டத்துக் கண்ணாடி வீட்டில்தான் நிலவரம் சரியில்லை. குடுவைச் செடிகள் என்று புதிதாக ஓர் அறை நிறைய வந்திருக்கின்றன. நீ ஊர் மாறிப் போன பிறகு வந்தவை, அதனால் உனக்குத் தெரியாது. இலையின் நுனி கொடி போல நீண்டு, அதன் முனையில் ஒரு குடுவை தொங்கும். மேலே சின்ன மூடி, வாயைச் சுற்றிச் சிவப்பாக வரி வரியாக ஒரு விளிம்பு, உள்ளே அடியில் கொஞ்சம் நீர். சத்தில்லாத மண்ணில் வளர்கிற செடி என்பதால் பூச்சிகளைப் பிடித்துக் கரைத்துத்தான் வயிறு வளர்க்கிறது. நிறத்தைக் காட்டியும் தேனைக் காட்டியும் கூப்பிடும், வந்தவர் கால் வழுக்கி உள்ளே விழுவார் என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் குடுவைகளில் ஒரு கொசுகூட விழுவதில்லை. பட்டினியாய்க் கிடக்கின்றனவே என்று காய்ந்த பூச்சிகளைச் சாமணத்தில் எடுத்து நானே ஊட்டுகிறேன். நேற்று ஒரு குழந்தை அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கு சாப்பிடத் தெரியல, மாமா ஊட்டி விடறாரு" என்றது. அறையே சிரித்தது.

கண்காணிப்பாளர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். ஏப்ரலில் பார்வையாளர் நாள் வருகிறது. அதற்குள் செடிகள் தாமாக எதையாவது பிடித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் செடிகள் வேறு தோட்டத்துக்குப் போகும், அறை ஆர்க்கிட் பூக்களுக்குப் போகும். "ஊட்டி வளக்க இது குழந்தைகள் காப்பகம் இல்லைங்க" என்றார்.

என் பக்கம் ஒரு குறையும் இல்லை. தினமும் காலையில் கதவு திறக்கும் முன்பே ஒவ்வொரு குடுவையின் வாயையும் மெல்லிய துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்துவிடுகிறேன். மேசைக் கால்களைச் சுற்றி எறும்பு மருந்தால் கோடு போட்டிருக்கிறேன். அப்படியொரு சுத்தம். பிறகும் ஏன் ஒன்றும் வரவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

உன் மாறுதலை நிரந்தரமாக்கவா என்று பஸ் டிப்போவில் கேட்கிறார்கள், ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்கத் தைரியம் வராமல்தான் செடியைப் பற்றியே இவ்வளவு எழுதினேன். வேண்டாம் என்று சொல்லிவிடு. வீட்டுக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
உன் கண்ணாடி வீட்டுக்காரன்

*

மார்ச் 9

கண்ணாடி வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. மடிப்பு கலையாமல், ஓரம் பிசிறாமல் வந்து சேர்ந்தது. உறையையும் ஒரு துடை துடைத்துத்தான் பெட்டியில் போட்டிருப்பீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் செடிக்குத் தேன் சுரப்பது எங்கே? வாயின் விளிம்பில்தானே? தினமும் காலையில் அதைத் துணியால் வழித்தெடுத்துவிட்டு, வருகிற வழியில் விஷக் கோடும் போட்டுவிட்டு, விருந்தாளி ஒருவரையும் காணோமே என்று வாசலில் நிற்கிறீர்கள். படித்துக்கொண்டே டீ குடித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. கண்டக்டர் அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், கடைசிப் பத்தியை விட்டுவிட்டேன். "பூச்சி திங்கிற செடியக்கூட பட்டினி போட்டு சுத்தமா வச்சிருக்காரு பாரேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு உங்கள் மேல் இருக்கும் கோபம் இன்னும் போகவில்லை. நான் முதல் முதலாகப் பெரிய வண்டி எடுத்த அன்று டிப்போவே நம் வீட்டுக்கு வந்தது. மெக்கானிக்குகள் தேய்த்துத் தேய்த்துக் காலைக் கழுவிக்கொண்டுதான் வந்தார்கள். அவர்கள் ஓரடி எடுத்து வைக்க, பின்னாலேயே நீங்கள் ஈரத் துணியோடு வந்தீர்கள். கையில் எடுத்த டீயை அக்கா அப்படியே கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் ஆட்கள் ஒருவரும் நம் படியை மிதிக்கவில்லை. அடுத்த மாதம் நான் மாறுதல் கேட்டேன், அக்காவும் கூடவே கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

நீங்கள் கெட்டவர் இல்லை. அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனால் நான் உட்கார்ந்து எழுந்த இடத்தையெல்லாம் ஒருவர் துடைத்துக்கொண்டே வந்தால், அந்த வீட்டில் நானும் இருந்தேன் என்பதற்கு என்னதான் மிச்சம்?

டிப்போவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இங்கே வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஊருக்கும் நம் ஊருக்கும் நடுவில் மலைச் சாலையில் ஓடுகிற பெரிய வண்டிக்கு ஆள் தேடுகிறார்கள். பெண்களுக்கு அந்த வண்டியைக் கொடுத்ததே இல்லையாம். எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், வண்டி புத்தம் புதிது.

இப்படிக்கு,
இன்னும் தங்கள் மனைவி

*

மார்ச் 13

ஓட்டுநர் அம்மையாருக்கு,

சுத்தமாக இருப்பது ஒரு குற்றம் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். வீட்டு விஷயத்தைக் கண்டக்டரிடம் வாசித்துக் காட்டுவது மட்டும் பெரிய நியாயமா? இத்தனை வருடமாகக் கண்ணாடி வீட்டில் வேலை பார்க்கிறேன். பெரிய வண்டி ஓட்டுகிறவள் செடி வளர்ப்பதைப் பற்றி எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

மார்ச் 14

மேலே இருப்பதை அடிக்கவில்லை. எழுத்திலும் குரல் ஏறும் என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும்.

இன்று காலை மறுபடி புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான். மூடியின் அடியிலும் விளிம்பிலும் தேன் சுரக்கும், அந்த விளிம்பில்தான் பூச்சி கால் வைக்கும், உள்சுவரில் மாவு போல மெழுகு இருப்பதால் விழுந்தவர் ஏற முடியாது, எல்லாம் விவரமாக இருக்கிறது. விளிம்பைத் துடைக்காதே என்று மட்டும் எங்கும் போடவில்லை. இப்படியும் ஒருவன் இருப்பான் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

எறும்பு மருந்துக் கோட்டைத் துடைத்துவிட்டேன். அதற்காவது அனுமதி உண்டுதானே. அதன் பிறகு துணியை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். இப்போது கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். வருகிறவர்கள் என்னை யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து வணக்கம் வைக்கிறார்கள்.

அந்த டீயைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தவன் நான்தான். வழியும்வரை நிறைய இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை.

உன்,
கண்ணாடி வீட்டுக்காரன்

*

மார்ச் 24

அன்புள்ளவளுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. என் பழைய கடிதத்தின் மேல் பாதியைப் படித்துவிட்டுக் கீழே போட்டிருப்பாயோ என்று பயமாக இருக்கிறது. கீழ்ப் பாதியையும் படி.

இன்று உச்சி வெயிலில் ஓர் எறும்பு வந்தது. ஒன்றே ஒன்றுதான். கொடியில் ஏறி, குடுவையின் வயிற்றில் ஊர்ந்து, விளிம்புக்கு வந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைப்பதை நிறுத்தியதிலிருந்து தேன் முத்து முத்தாகக் கட்டியிருக்கிறது. எறும்பு ஒவ்வொன்றாகக் குடித்தது. விளிம்பை ஒரு சுற்று வந்தது. தலையை உள்ளே விட்டு எட்டிக்கூடப் பார்த்தது. பிறகு வந்த வழியே இறங்கி ஜம்மென்று போய்விட்டது.

வழுக்கவே இல்லை. இவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டு, வயிறு நிறையக் கொடுத்து, கடைசியில் கோட்டைவிட்டுவிட்டது செடி. விரலால் ஒரு தட்டு தட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கை பின்னாலேயே இருந்ததால் எறும்பு பிழைத்தது.

கண்காணிப்பாளர் அம்மா ஆர்க்கிட் தொட்டிகளுக்குச் சொல்லிவிட்டாராம். எழுது.

உன்,
கண்ணாடி வீட்டுக்காரன்

*

மார்ச் 29

கண்ணாடி வீட்டுக்காரருக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. மேல் பாதி, கீழ்ப் பாதி எல்லாம் படித்தேன். மலை வண்டிக்கான ஓட்டுநர் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்ததால் எழுதவில்லை. மேல் பாதிக்காகக் கொஞ்சம் காக்க வைக்கலாம் என்றும் இருந்தேன், அதையும் மறைக்கவில்லை.

எறும்புக்கு வழுக்கவில்லை என்று அழுகிறீர்களே, உச்சி வெயிலில் எந்த ரோடு வழுக்கும்? காய்ந்த சாலையில் தேய்ந்த டயர்கூட ஒழுங்காகப் போகும். தூறல் விழ வேண்டும். தண்ணீர் மெல்லிசாகப் பரவி, டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் புகுந்துகொண்டால், அப்புறம் ஓட்டுகிறவன் கையில் ஒன்றும் இல்லை. உங்கள் விளிம்பும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தண்ணீர் தூவுகிற குழாயை எப்போது திறக்கிறீர்கள்? விளிம்பு நனைகிறதா, இல்லை கறை விழும் என்று அதற்கும் தாள் சுற்றி வைத்திருக்கிறீர்களா?

போன எறும்பைத் திட்டாதீர்கள். நல்ல சாப்பாட்டுக் கடை ஒன்றைக் கண்டுபிடித்தவன் வாயை மூடிக்கொண்டா இருப்பான்? தெருவுக்கே சொல்லுவான்.

பரீட்சை அன்று நல்ல மழை. கொண்டை ஊசி வளைவுகள் வேறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரிசோதகர், "வேணும்னா இன்னொரு நாள் வச்சுக்கலாம்மா" என்றார். "மழை நாள்ல வண்டி நிக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு எடுத்தேன். மேலே ஏறி முடித்தும் அவர் கம்பியை விடவில்லை. இறங்கும்போது ஒரு வளைவில் பின் சக்கரம் லேசாக நழுவியது. பிரேக்கைத் தொடாமல் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். முடிவு இன்னும் சொல்லவில்லை.

உங்கள் கடிதங்களில் இப்போதெல்லாம் தேன் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. நானும் விளிம்பு காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் கால் வைப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் தங்கள் மனைவி

*

ஏப்ரல் 5

என் ஓட்டுநருக்கு,

பிடித்துவிட்டது.

தாள்தான் சுற்றி வைத்திருந்தேன். எப்படிக் கண்டுபிடித்தாய்? நீர் தூவும்போது குடுவைகளின் மேல் கறை விழாமல் இருக்கத் தாளில் தொப்பி செய்து மாட்டியிருந்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் எல்லாத் தொப்பிகளையும் கழற்றிக் கசக்கிப் போட்டேன்.

நேற்று காலை அந்த எறும்பு மறுபடி வந்தது. அதேதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். பின்னால் ஒரு வரிசை வந்தது, கதவிடுக்கிலிருந்து குடுவை வரை கறுப்பு நூல் இழுத்தது போல. பகல் முழுவதும் விளிம்பில் திருவிழாக் கூட்டம். குடிப்பதும் போவதும் வருவதுமாக இருந்தன. ஒன்றும் விழவில்லை. நான் அவசரப்படவில்லை. மாலையில் தூவு குழாயைத் திறந்தேன். புகை மாதிரி ஈரம் இறங்கியது. விளிம்பு கண்ணாடி போல மின்னியது, நான் துடைத்து ஒரு நாளும் வராத மினுமினுப்பு அது. முன்னால் நின்ற எறும்பு காலை மாற்றி வைத்தது. அவ்வளவுதான், சறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அடுத்தது, அதற்கடுத்தது, பிறகு கொத்துக் கொத்தாக.

நான் போட்ட சத்தத்தில் காவலாளி கம்போடு ஓடி வந்தார். அவரையும் பிடித்து நிறுத்திக் காட்டினேன். கண்காணிப்பாளர் அம்மா இன்று வந்து குனிந்து பார்த்துவிட்டு, ஆர்க்கிட் தொட்டிகளை நிறுத்தி வைக்கச் சொன்னார். பார்வையாளர் நாளில் கூட்டத்துக்கு முன்னால் இதேபோல் நடந்தால் அறை தப்பிக்கும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். உன் கடைசி வரி மனதைக் குத்திக்கொண்டே இருக்கிறது. கூப்பிட்டு வரவழைத்துப் பிடித்துப்போட எனக்கு எண்ணமில்லை. வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும் என்றால் போ. பேருந்து நிலையம் வரை நானே வந்து ஏற்றிவிடுகிறேன். ஆனால் ஒரு முறை வா. பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர் நாள். உன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வா. காலைக் கழுவ வேண்டாம் என்று மெக்கானிக்குகளிடம் நான் சொன்னதாகச் சொல்.

உன்,
கண்ணாடி வீட்டுக்காரன்

*

ஏப்ரல் 13

அன்புள்ளவருக்கு,

நான் வந்துவிட்டுப் போயாயிற்று.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். தலையைச் சுற்றித் துணி போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வந்தேன். உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். ஒரு சின்னப் பையன் கையில் ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவில் ஐந்து விரலையும் பதித்துவிட்டுப் போனான். அதை நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் வலது கை சட்டைப் பையைத் தேடிப் போனது. பையில் துணி இல்லை. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்தவருக்குக் குடுவையைக் காட்டத் தொடங்கிவிட்டீர்கள். நான் கிளம்பும்வரை அந்த ஐந்து விரலும் கதவில் இருந்தன.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. கடைசி வண்டியில் திரும்பிவிட்டேன்.

டிப்போவில் வந்து சொன்னேன். செடியைச் சொன்னேன், எறும்பைச் சொன்னேன், கதவில் இருந்த ஐந்து விரலையும் சொன்னேன். கண்டக்டர் அக்கா எண்ணிக்கொண்டிருந்த சில்லறையைக் கீழே வைத்தார். அப்புறம், "அப்ப அந்த மொத எறும்பு நீதான்டி" என்றார். அவரே போய் எல்லாருக்கும் ஒரு வண்டி கேட்டு வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். உட்காரும் இடமெல்லாம் நிறைந்துவிட்டது, நின்றுகொண்டு வரவும் ஆள் இருக்கிறது. நான்தான் ஓட்டுகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் தங்கள் மனைவி

*

ஏப்ரல் 20

என் ஓட்டுநருக்கு,

நீ வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் முக்கியமானதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

உன் டிப்போ மொத்தமும் அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. இடம் போதாமல் கண்காணிப்பாளர் அம்மாவே சுவரோரம் ஒட்டிக்கொண்டார். மழையில் நனைந்த செருப்பு, கிரீஸ், சேறு, எல்லாம் தரையில். நான் தரையைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். பார்த்துவிட்டுத் தூவு குழாயைத் திறந்தேன்.

எறும்புகள் விளிம்பில் தயங்கித் தயங்கி நின்றன. அப்போதுதான் உன் கண்டக்டர் அக்கா, குடுவைக்கு மேலே குனிந்து, பேருந்தில் போடுகிற அதே குரலில், "உள்ள போங்க, உள்ள போங்க, எடமிருக்கு, படியில நிக்காதீங்க" என்றார். சொல்லி வாய் மூடவில்லை. முதல் எறும்பு சறுக்கியது. பிறகு வரிசையாகச் சறுக்கின. அறை அதிர்ந்தது. மெக்கானிக்குகள் விசில் அடித்தார்கள். கண்காணிப்பாளர் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே, "ஆர்க்கிட் வேற எங்கயாவது இருந்துக்கட்டும்" என்றார். அறை நமக்கே. அடுத்த வாரமும் அந்த அக்காவை அனுப்ப முடியுமா என்று வேறு கேட்கிறார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நீ சொட்டச் சொட்ட உள்ளே வந்தாய். நேராக என்னிடம் வந்து, "பிடிச்சுதா?" என்று கேட்டாய். தலையை மட்டும் ஆட்டினேன். நீ என் தோளில் ஒரு தட்டு தட்டினாய். வெள்ளைச் சட்டையில் நாலு விரலும் கட்டை விரலுமாக வண்டி கிரீஸ் பதிந்திருக்கிறது. சட்டையைத் தோய்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

இழுப்பறையில் இருந்த துணியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நல்ல துணி. உன் வண்டியின் முன் கண்ணாடிக்கு ஆகும்.

மாதம் முடியப் போகிறது. டிப்போவுக்கு என்ன சொன்னாய்?

உன்,
கண்ணாடி வீட்டுக்காரன்

*

ஏப்ரல் 27

என் கண்ணாடி வீட்டுக்காரருக்கு,

துணி கிடைத்தது. புது வண்டியின் முன் கண்ணாடியை அதைக் கொண்டுதான் துடைத்தேன். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, அப்படியொரு துடைப்பு. உங்களிடம் கற்றதில் உருப்படியானது அது ஒன்று.

ஆமாம், புது வண்டிதான். மலை வண்டி எனக்கே. பரிசோதகர் எழுதிக் கொடுத்ததை மேலாளர் டிப்போ நடுவில் நின்று சத்தமாக வாசித்தார். "மழையில் இந்த அம்மா ஓட்டுகிற வண்டியில் என் குடும்பத்தை ஏற்றி அனுப்புவேன்" என்று கடைசி வரி. அக்கா விசில் ஊதியே காதைச் செவிடாக்கிவிட்டார். இந்தப் பாதையில் பெரிய வண்டி எடுக்கும் முதல் பெண் நான்தான். இதை நானே எழுதிக்கொள்கிறேன், வெட்கமெல்லாம் இல்லை.

டிப்போவுக்குச் சொன்ன பதில் இதுதான். அந்த ஊரும் இல்லை, இந்த ஊரும் இல்லை, நடுவில் ஓடுகிற வண்டிதான் என் இடம். ஒரு நாள் இரவு இங்கே தங்கல், மறுநாள் இரவு அங்கே. அங்கே என்றால் நம் வீட்டில். விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், அடுத்த நாள் மாலை மறுபடி வந்து நிற்பேன். நீங்கள் வழியனுப்பப் பேருந்து நிலையம் வரை வர வேண்டியதில்லை. வண்டியே என்னுடையது.

முதல் ஓட்டம் வியாழக்கிழமை. கண்டக்டர் அக்காதான் கூட வருகிறார். அன்றைக்கு வைத்துவிட்டுப் போன டீயைக் குடிக்க வருவதாகச் சொல்லச் சொன்னார். மழை பெய்தால் இரண்டு பேர் காலிலும் சேறு இருக்கும். டீ சூடாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி